ஊட்டியில் ரேஸ் இல்லாத கோடை: குதிரையை நம்பி விடுமுறைக்குக் கிளம்புபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சித்திரை பிறந்தால் ஊட்டியில் குதிரை ஓடும். பல ஆண்டுகளாக நீலகிரியின் கோடைப் பருவம் இப்படித்தான் தொடங்கியது. மலர்க் கண்காட்சி மே மாதத்தில்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஏப்ரல் 14-ஐ ஒட்டி, ரேஸ் ஆரம்பித்துவிடும். ஜூன் வரை நீளும். மைதானம் பேருந்து நிலையத்தை ஒட்டியே இருந்தது. அதனால் டிக்கெட் வாங்காதவர்களும், பந்தயம் கட்டத் தெரியாதவர்களும் வேலி ஓரமாக நின்று ஓர் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் படகு இல்லத்துக்குப் போவார்கள். அங்கே பிள்ளைகளுக்கு ஒரு குதிரைச் சவாரி. காலையில் ரேஸ், மாலையில் சவாரி என்று ஒரே நாளில் இரண்டும் முடிந்துவிடும்.

அந்தத் திட்டத்தில் பாதி இப்போது இல்லை. ரேஸ் மைதானம் அரசின் கைக்கு வந்துவிட்டது. சவாரி மட்டும் பழையபடியே நடக்கிறது. பந்தயக் குதிரைக்கு என்ன ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றத் தீர்ப்பு, அரசாணை என்று எல்லாமே செய்தியானது. ஏரிக்கரையில் பிள்ளைகளைச் சுமக்கும் மட்டக்குதிரையைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை, அரசாணையும் வரவில்லை. விடுமுறைக்குப் போகும் குடும்பம் கையில் காசோடு நேருக்கு நேர் சந்திப்பதோ இந்த இரண்டாவது குதிரையைத்தான்.

ஊட்டியில் என்ன நடந்தது?

ஊட்டி ரேஸ் மைதானம் இருந்தது அரசு நிலம். மெட்ராஸ் ரேஸ் கிளப் அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தது. குத்தகைக் காலம் 1978-லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் ஓட்டம் நிற்கவில்லை. நிலுவை வாடகை ஏறிக்கொண்டே போய் 822 கோடி ரூபாயில் வந்து நின்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2024-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மாவட்ட நிர்வாகம் 52.34 ஏக்கரையும் கையகப்படுத்தி, தோட்டக்கலைத் துறையிடம் ஒப்படைத்தது. அங்கே சுற்றுச்சூழல் பூங்கா அமைப்பது அரசின் திட்டம்.

அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை கிண்டியிலும் இதே கதை. 160.86 ஏக்கர் நிலம், 1946-ல் தொடங்கிய 99 ஆண்டு குத்தகை, ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. தட்டச்சுப் பிழை இல்லை, ஆண்டுக்குத்தான். சென்னையின் நடுவில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கு ஒரு வாரத்துக்கே இதைவிட அதிகம் ஆகும். வாடகையைத் திருத்தி அரசு கேட்ட நிலுவை 730 கோடி ரூபாய்க்கு மேல். குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு அரசு சீல் வைத்தது. அதன் பிறகு சட்டப் போராட்டம் வேறு ஒரு கட்டத்துக்கு நகர்ந்தது. அதனால் கிண்டியில் ரேஸ் பார்க்கும் ஆசையில் வெளியூரிலிருந்து கிளம்புபவர்கள், அந்த வாரத்து அட்டவணையைப் பார்க்காமல் ரயில் டிக்கெட் போடக் கூடாது.

இங்கே ஒரு குழப்பம் பலருக்கு உண்டு. "கோர்ட்டே குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லைன்னு சொல்லியிருக்கே, அப்புறம் எப்படி மூடினாங்க?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. இரண்டும் வேறு வேறு. 1974-ல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது உண்மை. அந்த வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டுதான், சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறது. ஓடுவதற்குத் தடை இல்லை. ஓட நிலம் இல்லை. நிலச் சொந்தக்காரர் அரசு, வாடகை பாக்கி, அவ்வளவுதான் விஷயம்.

இது தமிழ்நாட்டோடு நிற்கவும் இல்லை. மும்பை மகாலட்சுமி மைதானத்தின் குத்தகை 2013-ல் முடிந்தது. 2024-ல் 120 ஏக்கர் பூங்காவுக்காக மாநகராட்சிக்குப் போய், சுமார் 91 ஏக்கர் ரேஸ் கிளப்பிடம் மிஞ்சியது. பெங்களூருவில் குத்தகை 2009-லேயே முடிந்துவிட்டது. நகரத்தின் நடுவிலிருந்து மைதானத்தைக் குனிகல் குதிரைப் பண்ணைக்கு மாற்றும் பேச்சு அரசு அளவில் நடக்கிறது. ஊருக்கு வெளியே இருந்த வெட்டவெளிகளில் வெள்ளைக்காரர்கள் குதிரை ஓட்டினார்கள். ஊர் வளர்ந்து அந்த இடங்களைச் சூழ்ந்துகொண்டது. கோவையில் 'ரேஸ் கோர்ஸ்' என்றால் இன்று குதிரையை யாரும் தேடுவதில்லை. காலை நடைப்பயிற்சிக்கான வட்டச் சாலை அது.

சரி, ரேஸ் பார்க்கணும்னா எங்கே போவது?

தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு எட்டும் தூரத்தில் பெங்களூருவும் மைசூருவும்தான். பெங்களூருவின் கோடைப் பருவம் மே மாத நடுவில் தொடங்கும். டெர்பி ஜூலையில் நடப்பது வழக்கம். அதாவது பள்ளி விடுமுறையின் கடைசி வாரங்களில் முதல் சில ஓட்டங்களைப் பார்த்துவிடலாம். மைசூருவின் முக்கியப் பருவம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மழைக்காலத்தில். சாமுண்டி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த மைதானம் பார்வைக்கே அழகு. தசராவை ஒட்டிய நாட்களில் போனால் அரண்மனை விளக்கும் ரேஸும் ஒரே பயணத்தில் அடங்கும். ஆனால் அந்த நாட்களில் அறை வாடகை என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊட்டியையும் மைசூருவையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழியாகச் சுமார் 125 கிலோமீட்டர்தான். ஆனால் பந்திப்பூர் வனச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. மாலை ரேஸ் முடிந்து, சாப்பிட்டுவிட்டு ஊட்டிக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டால் சோதனைச் சாவடியில்தான் விடிய வேண்டும்.

ஊட்டிக்குச் சொந்த வாகனத்தில் போவதற்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த நடைமுறை இது. 2025 கோடையில் அதோடு எண்ணிக்கை வரம்பும் சேர்ந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ வந்தால் இந்தத் தலைவலி இல்லை.

ரேஸ் மைதானத்தில் குடும்பத்தோடு என்ன செய்வது என்ற தயக்கம் பலருக்கு இருக்கும். பார்க்க வேண்டியது ஓட்டத்தை மட்டும் அல்ல. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். பந்தயக் குதிரையை அவ்வளவு அருகில் வேறெங்கும் பார்க்க முடியாது. தோல் பட்டுப்போல மின்னும். கழுத்து நரம்பு தெரியும். சில குதிரைகள் பதற்றத்தில் வியர்த்து நுரைத்திருக்கும். பிறகு வரும் ஓட்டம் ஒன்றரை நிமிடத்திலோ இரண்டரை நிமிடத்திலோ முடிந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் சலித்துப்போவது இங்கேதான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பந்தயம் கட்ட முடியாது. சில அரங்குகளில் அவர்களை உள்ளேயே விடுவதில்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

பந்தயம் கட்டுவதாக இருந்தால்? கணக்கைத் தெரிந்துகொண்டு கட்டலாம். 2023 அக்டோபரிலிருந்து பந்தயத் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். 1,000 ரூபாய் பந்தயத்துக்கு 400 ரூபாய் வரி. ஜெயித்தாலும் தோற்றாலும் அது போய்விடும். அதற்கு மேல், சேர்ந்த பணத்திலிருந்து கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பிரித்துக் கொடுக்கும். ஜெயித்த தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரியைப் பிடித்துக்கொண்டு தருவார்கள். பத்து ஓட்டத்தில் தோற்று ஒன்றில் ஜெயித்தாலும், தோற்றதைக் கழித்துக் கணக்குக் காட்ட வழி இல்லை. 'சுற்றுலாச் செலவை ரேஸிலேயே எடுத்துடலாம்' என்று யாராவது சொன்னால், அவர் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். நுழைவுச் சீட்டுக்கும் இதே 40 சதவீதம்தான்.

ஏரிக்கரைக் குதிரைக்கு என்ன சட்டம்?

ஊட்டி படகு இல்லம், பைக்காரா பக்கத்துப் புல்வெளிகள், கொடைக்கானல் ஏரிச் சாலை என்று எங்கே இறங்கினாலும் "சார், ஒரு ரவுண்டு, பாப்பாவை ஏத்துங்க" என்ற குரல் கேட்கும். குதிரைக்காரர்களின் வருமானம் பெரும்பாலும் ஏப்ரல், மே, அதன் பிறகு தொடர் விடுமுறை நாட்கள் என்று சில வாரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. குதிரைக்கோ 365 நாளும் பசிக்கும். கொள்ளு, தவிடு, புல், லாடம், மருந்து என்று செலவு ஓய்வதில்லை. மழை தொடங்கிக் கூட்டம் குறைந்ததும் சிலர் குதிரையை அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். ஊட்டி நகரச் சாலைகளில் குதிரைகள் குப்பைத் தொட்டியைக் கிளறுவதும், வாகனத்தில் அடிபடுவதும், நகராட்சி பிடித்து அடைப்பதும் வருடாவருடம் வரும் செய்தி. பந்தயத்துக்குத் தகுதி இழந்த குதிரைகளில் சிலவும் கை மாறிக் கை மாறிச் சவாரிக்கு வந்து சேர்வது உண்டு. ஒரு காலத்தில் பல லட்சம் விலைபோன குதிரையாக இருந்திருக்கலாம்.

குதிரைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவருக்கும் கூட்டம் வரும் அந்தச் சில வாரங்கள்தான் கையில் காசு. ஒரு நாளில் எத்தனை சுற்று ஓட்டுகிறாரோ அத்தனையும் அந்த ஆண்டின் வருமானம். குதிரைக்கு ஓய்வு கொடுக்கும் ஒவ்வொரு அரை மணியும் அவருக்கு நஷ்டம். கட்டுப்பாடு வெளியிலிருந்து வராத வரை இந்தக் கணக்கு மாறாது.

சட்டத்தில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்காக 1965-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; இடைவேளை இல்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது; வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 மணி வரை கூடாது. முள் வைத்த கடிவாளம் கூடாது. மட்டக்குதிரை மீது ஏற்றும் சுமைக்கு உச்ச வரம்பு 70 கிலோ. சுமைக்காக எழுதிய விதி இது. ஆனால் அந்த முதுகுக்கு மூட்டை என்றும் மனிதர் என்றும் வித்தியாசம் தெரியாது. நோயுற்ற, காயம்பட்ட, வேலைக்குத் தகுதியில்லாத விலங்கை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். 1960-ல் எழுதிய தொகை இன்னும் மாறவில்லை. ஊட்டி மைதானத்துக்கு நிலுவை 822 கோடி. அந்த மைதானத்திலிருந்து சற்று தூரத்தில், முதுகில் புண்ணோடு சவாரி சுமக்கும் குதிரைக்கு 50 ரூபாய். ஒரு சவாரிக் கட்டணமே அதைவிட அதிகம்.

எனவே, ஏறலாமா வேண்டாமா என்பதைச் சட்டம் முடிவு செய்யப் போவதில்லை. சவாரி கேட்பவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு அதிக நேரம் பிடிக்காது.

எடையிலிருந்து தொடங்கலாம். உலகம் முழுக்கக் குதிரையேற்றப் பயிற்சியாளர்கள் பின்பற்றும் ஒரு பொதுக் கணக்கு உண்டு: ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நம் சுற்றுலாத் தலங்களில் இருக்கும் சின்ன மட்டக்குதிரை 220 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது சுமக்கக்கூடியது 44 கிலோ. சேணத்துக்கே ஏழெட்டுக் கிலோ போய்விடும். ஆக, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏறலாம். 75 கிலோ அப்பா ஏறக் கூடாது. அம்மாவும் குழந்தையும் சேர்ந்து ஏறி போட்டோ எடுப்பது இன்னும் மோசம். 400 கிலோவுக்கு மேல் இருக்கும் உயரமான குதிரை என்றால் கதை வேறு. ஆனால் அந்த உயரத்திலிருந்து விழுந்தால் அடியும் வேறு.

குதிரையை ஒரு முறை சுற்றிப் பார்க்கலாம். விலா எலும்பு வரிசையாக எண்ணும்படி தெரிகிறதா? சேணத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னால் முதுகில் புண் இருக்கிறதா? நாலு அடி நடத்திக் காட்டச் சொன்னால் தலையை ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் ஆட்டி நொண்டுகிறதா? கண்ணில் நீர் வடிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த குதிரையிடம் போகலாம். குதிரைக்காரர் கோபித்துக்கொள்வார். ஆனால் நல்ல குதிரை வைத்திருக்கும் பக்கத்து ஆளுக்குச் சவாரி கிடைப்பது, மற்றவருக்கு எந்த அபராதத்தையும்விட வேகமாகப் புரியும்.

ஏறுபவரின் பாதுகாப்பும் இதே அளவுக்குக் கண்டுகொள்ளப்படாமல்தான் இருக்கிறது. பல இடங்களில் தலைக்கவசம் தருவதில்லை. பைக்கில் வந்திருந்தால் அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாலும் தவறில்லை. ஒன்றுமில்லாததற்கு அது மேல். செருப்பு வேண்டாம்: குதிரை மிரண்டு, கால் அங்கவடிக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டால் இழுத்துக்கொண்டு ஓடும். துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் இறுக்கி முடிந்துகொள்ள வேண்டும். கடிவாளக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. முதல் முறை ஏறுபவர் என்றால் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்தபடி கூடவே நடக்க வேண்டும்; பிள்ளை ஏறியிருக்கும்போது "ஓட விடட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்பதுதான் பதில். குதிரையின் பின்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு எதுவும் சொல்வதற்கில்லை. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் சாகச விளையாட்டுகளை அது விலக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பல பாலிசிகள் விலக்கித்தான் வைத்திருக்கின்றன.

ஏரிக்கரையில் ஒரு சுற்று சுற்றுவது குதிரையேற்றமே அல்ல என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்கு உண்மையிலேயே ஆர்வம் என்றால், விடுமுறையில் பத்து நாள் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ப்பது மேல். சென்னை, கோவை, பெங்களூரு, புதுச்சேரி சுற்றுவட்டாரங்களில் இப்படிப்பட்ட இடங்கள் உள்ளன. முதல் சில நாட்கள் லாயத்தைக் கூட்டுவதும், குதிரையைத் தேய்த்துவிடுவதும், குளம்பைச் சுத்தம் செய்வதுமாகத்தான் போகும். நல்ல பள்ளிக்கு அதுவே அடையாளம். முதல் நாளே குதிரையை ஓட விடும் இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

பந்தயமும் இல்லாமல், சவாரியும் இல்லாமல் குதிரையைப் பார்க்க இன்னோர் இடம் இருக்கிறது. பலர் அதைத் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை: ஈரோடு மாவட்டம் அந்தியூர். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி அங்கே கூடும் சந்தை, மாட்டுக்கும் குதிரைக்கும் பேர்போனது. காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் முதல், கிராமத்து வண்டிக்கான மட்டக்குதிரைகள் வரை வரிசையாகக் கட்டியிருக்கும். மேளத்துக்கு ஏற்ப ஆடும் நாட்டியக் குதிரைகளைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். விலை பேசுபவர்கள் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்வார்கள். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி பார்த்து வேண்டாம் என்று நகர்ந்துவிடுபவர்களும் உண்டு. நாலு நாள் திருவிழாவில் காலை நேரம்தான் சந்தைக்கு நல்லது. வெயில் ஏறினால் மனிதரும் குதிரையும் ஒரே மாதிரி தளர்ந்துவிடுவார்கள். அது ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும். அந்த ஆண்டின் ஆடித் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறை கிடையாது, வார இறுதிக்குத்தான் தோது.

கோடையில் ஊட்டிக்கே போவது என்று முடிவெடுத்தவர்களுக்கு, சவாரிக்கு நல்ல நேரம் காலை ஒன்பது மணியிலிருந்து பத்தரைக்குள். இரவெல்லாம் ஓய்வெடுத்த குதிரை அப்போதுதான் கிடைக்கும். மாலை நாலு மணிக்கு அதே குதிரை எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்பது அதற்கும் அதன் குதிரைக்காரருக்கும் மட்டுமே தெரியும். சாலையில் அடிபட்டோ நோயுற்றோ கிடக்கும் குதிரையைப் பார்த்தால் நகராட்சிக்கும் அரசுக் கால்நடை மருத்துவமனைக்கும் சொல்லலாம். மசினகுடி அருகே மாவனல்லாவில் கைவிடப்பட்ட குதிரைகளையும் கழுதைகளையும் பராமரிக்கும் ஐபேன் என்ற தொண்டு அமைப்பும் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. ஊட்டியிலிருந்து மைசூரு போகும் வழியிலேயே இருக்கிறது மசினகுடி.